மூணு மாசமா அது சொல்லிட்டுதான் இருந்துச்சு!

'கம்ப்யூட்டர் ஆன் ஆகல' என்ற வாக்கியத்துக்கு நாலு அர்த்தம் உண்டு. இது எனக்கு 2006 மார்ச் வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு என் தம்பி அடி வாங்கியிருக்க மாட்டான்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிச்சுட்டு இருந்தேன். எங்க வீட்டு கம்ப்யூட்டர் 2003இல் வாங்கினது. அம்மா போட்ட சீட்டுப் பணமும், அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடையில் வாங்கின அட்வான்ஸும் சேர்ந்து 28 ஆயிரம் ரூபாய். பென்டியம் 4, 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஆளையே அமுக்குற வெயிட்டில் ஒரு 15 இஞ்ச் மானிட்டர். வந்த அன்னைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சாங்க அம்மா. கேபினட்டுக்கு நாங்க வெச்சிருந்த பேரு 'சிபியூ'. அந்தத் தெருவுக்கே அது 'சிபியூ'தான்!

அதுக்குள்ளதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருந்துச்சு. விபி 6, எம்எஸ் ஆக்சஸ், 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்'. சிரிக்காதீங்க. அந்த வருஷம் எங்க கிளாஸில் மட்டும் பதினோரு பேர் லைப்ரரியை மேனேஜ் பண்ணிட்டு இருந்தோம். வைவாவுக்கு இன்னும் 16 நாள். ஃப்ளாப்பியில் கடைசியா காப்பி எடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

அன்னைக்கு ராத்திரி காலேஜில் இருந்து லேட்டா வந்து பட்டனை அமுக்கறேன். உள்ளே ஃபேன் சுத்துது. மானிட்டரில் ஆரஞ்சு லைட் மட்டும் கண் சிமிட்டுது. அவ்ளோதான். ரெண்டாவது தடவை, பத்தாவது தடவை... ம்ஹூம்!

எனக்கு முன்னாடி கடைசியா அதில் உட்கார்ந்தது தம்பி. பத்தாம் கிளாஸ். மார்ச் கடைசியில் பப்ளிக் எக்ஸாமை வெச்சுக்கிட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் ரோட் ராஷ் ஓட்டியிருக்கான். எனக்கு வேற ஆதாரமே தேவைப்படல. "இவன்தான் என்னமோ பண்ணி வெச்சிருக்கான்பா. என் டிகிரியே போச்சு" என்று கத்தினேன். கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு வந்த அப்பா, ஒரு வார்த்தை கேட்கல. பளார்னு ஒண்ணு விட்டார். தம்பி அழல. என்னையே பார்த்தான். மறுநாள் காலையில் புஸ்தகப் பையோட தாழையூத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிட்டான். அங்கேயிருந்தே எக்ஸாம் எழுதிக்கிறேன்னு சொல்லிட்டான்.

பத்து நிமிஷத் தீர்ப்பு

மறுநாள் சைக்கிள் கேரியரில் சிபியூவை வெச்சுக் கட்டி ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் ஆன் பண்ணிப் பார்த்தார். ரேமைக் கழற்றி, மாட்டி, திரும்ப ஆன் பண்ணினார். "மதர்போர்டு அவுட். இந்த மாடல் இப்ப வர்றதில்ல. போர்டு, ப்ராசஸர், ரேம் மூணும் மாத்தணும். ஒம்பதாயிரம் ஆகும்" என்றார். பார்த்ததுக்கு 200 ரூபாய். மொத்தமே பத்து நிமிஷம்தான்.

ஒம்பதாயிரம்! எங்க அப்பாவோட ரெண்டு மாசச் சம்பளத்துக்கும் மேல.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். நண்பன்தான் வழி சொன்னான். "எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி ரேடியோ, டிவி ரிப்பேர் பாக்காரு மச்சான். அவரைக் கொஞ்சம் பாரேன்." டிவி மெக்கானிக்குக்கு கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு மனசுக்குள்ள ஒரு இளக்காரம். நாமதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆச்சே! ஆனா வேற வழியும் இல்ல.

அண்ணாச்சி கடை ஒரு ஆள் உட்காரலாம், ஒரு ஆள் நிக்கலாம் என்ற சைஸ். சுத்தி வயிறு திறந்த டிவிக்கள். நான் போய் "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்றேன். அவர் ஒரு ரேடியோவில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஆன் ஆகலன்னா? அதுல நாலு இருக்குல்லா. எது?"

முழிச்சேன். அவரே சொன்னார். பட்டனை அமுக்கினா ஒண்ணுமே இல்ல, லைட்டும் இல்ல, ஃபேனும் இல்ல. அது ஒரு வகை. ஃபேன் சுத்துது, ஸ்க்ரீனில் ஒண்ணும் வரல. இது ரெண்டாவது. பீப் பீப்னு கத்துது. இது மூணாவது. எழுத்தெல்லாம் வருது, ஆனா விண்டோஸுக்குப் போக மாட்டேங்குது. நாலாவது. "இந்த நாலுக்கும் நாலு ரோடு. எந்த ரோடுன்னு தெரியாம வண்டியைக் கெளப்பினா எங்க போய்ச் சேருவ?"

ஒண்ணுமே வரலன்னா கரன்ட், வயர், பட்டன், எஸ்எம்பிஎஸ் பக்கம் போகணும். கத்துதுன்னா போர்டு உசுரோட இருக்கு, தனக்கு என்ன குறைன்னு அதுவே சொல்லுது. எழுத்து வருதுன்னா ஹார்ட் டிஸ்க், கேபிள், விண்டோஸ் பக்கம். எங்களுடையது ரெண்டாவது வகை. ஃபேன் சுத்தும், படம் வராது, சத்தமும் வராது. இருக்கிறதிலேயே ஊமை நோய் அதுதான்.

முதல்ல உசுரை எடுத்து வை

அண்ணாச்சி கேட்ட அடுத்த கேள்வி, "உள்ள முக்கியமான சாமான் ஏதும் இருக்காடே?" ப்ராஜெக்டைப் பத்திச் சொன்னேன். "அப்ப மொதல்ல அதை எடு. ரிப்பேர் ரெண்டாவது சோலி" என்றார்.

அதுவரைக்கும் கம்ப்யூட்டர் செத்தா ப்ராஜெக்டும் செத்துச்சுன்னே நினைச்சுட்டு இருந்தேன். மூணு வருஷம் இதைத்தான் படிச்சேன் என்பதை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். பின்னாடி இருக்கிற குட்டி ஜம்பரை 'ஸ்லேவ்' இடத்துக்கு மாத்தி, நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில் அவன் ஹார்ட் டிஸ்க்கோட அதே பட்டைக் கேபிளில் மாட்டினோம். ரெண்டே நிமிஷம். டி டிரைவுக்குக் கீழே புதுசா ரெண்டு டிரைவ். என் லைப்ரரி பத்திரமா இருந்துச்சு! சிடியில் ரெண்டு காப்பி எழுதினோம்.

பாதி உசுரு வந்துச்சு. மீதிப் பாதி தாழையூத்தில் இருந்தது. ஆனா அன்னைக்கு எனக்கு அது உறைக்கல. ப்ராஜெக்ட் கிடைச்ச சந்தோஷத்தில், 'அவன் பண்ணின கூத்துக்கு நான் அலையறேன்' என்றுதான் ஓடிச்சு மனசு.

ஒவ்வொண்ணா கழற்று

மறுநாள் காலேஜ் முடிஞ்சு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்தேன். அவர் வேலை பார்க்கல. என்னையே பார்க்க வெச்சார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். கேபினட்டின் இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் உள்ளே கை வைக்கச் சொன்னார். உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரன்ட் நமக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியுமாம்.

மானிட்டர்தான் முதல் சந்தேகம். அதன் வயரை சிபியூவில் இருந்து உருவிட்டு, மானிட்டரை மட்டும் ஆன் பண்ணினோம். 'சிக்னல் இல்லை' என்று ஒரு கட்டம் வந்தது. மானிட்டர் நிரபராதி!

அடுத்தது எஸ்எம்பிஎஸ். போர்டுக்குப் போற பெரிய கனெக்டரைக் கழற்றினோம். எங்களுடையதில் 20 பின், பின்னாடி வந்ததில் எல்லாம் 24. அதில் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும். அதையும் பக்கத்தில் ஒரு கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் சேர்த்தா எஸ்எம்பிஎஸ் போர்டு இல்லாமலே ஓடும். லோடுக்கு ஒரு பழைய சிடி டிரைவை மாட்டி ஓட விட்டார். மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. அஞ்சு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12க்கு 11.4 முதல் 12.6 வரை ஓகே. எல்லாம் சரியா இருந்துச்சு. "ஆனா இதை வெச்சு நல்லதுன்னு முடிவு பண்ணிராத. சும்மா நிக்கும்போது எல்லாரும் பலசாலிதான். மூட்டையைத் தூக்கினாத்தான் தெரியும்" என்று சொல்லி, தன்னிடம் இருந்த வேற ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டிப் பார்த்தார். அதிலும் அதே ஊமைதான்.

(ஒரு எச்சரிக்கை பாஸ். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் பிரிக்காதீங்க. நம்ம ஊர் 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் அது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.)

அப்புறம் போர்டையே வெளியே எடுத்து ஒரு அட்டைப் பெட்டி மேல வெச்சோம். கேபினட் இரும்பில் எங்கேயாவது ஷார்ட் ஆகுதான்னு பார்க்க. ஹார்ட் டிஸ்க், சிடி, ஃப்ளாப்பி, மோடம் கார்டு எல்லாம் தூரப் போச்சு. மிச்சம் இருந்தது போர்டு, ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், ஒரு குட்டி ஸ்பீக்கர். பவர் பட்டனுக்கான ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு செகண்ட் தொட்டா ஆன் ஆகிடும். எனக்கு அது மந்திரவாதி வேலை மாதிரி இருந்துச்சு.

இதுக்கு அண்ணாச்சி சொன்ன விளக்கத்தை எங்க சார் யாரும் கிளாஸில் அவ்வளவு எளிமையா சொல்லல. ஆன் பண்ணின உடனே எஸ்எம்பிஎஸ் 'நான் ரெடி' என்று போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். ப்ராசஸர் கண் முழிச்சு, முதல் வேலையா பயாஸ் சிப்பைப் படிக்கும். ரேம் இருக்கா, டிஸ்ப்ளே இருக்கா, கீபோர்டு இருக்கா என்று அட்டெண்டன்ஸ் எடுக்கும். இதுதான் போஸ்ட் என்ற செல்ஃப் டெஸ்ட். எல்லாரும் 'உள்ளேன் ஐயா' சொன்னா நிறைய போர்டுகளில் ஒரே ஒரு சின்ன பீப். யாராவது ஆப்சென்ட்டுன்னா வேற மாதிரி பீப். அவார்டு பயாஸில் ஒரு நீளம், ரெண்டு குட்டைன்னா டிஸ்ப்ளே கோளாறு. மத்த பயாஸ்களில் கணக்கு மாறும். போர்டோட புஸ்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்.

"இப்ப ரேமையும் உருவிரு" என்றார்.

"ரேம் இல்லாம எப்படி அண்ணாச்சி ஓடும்?"

"ஓடாது. ஆனா கத்தணும்லா. 'ரேம் எங்கடா'ன்னு கத்தினா போர்டும் ப்ராசஸரும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். கத்தலன்னா அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாத்தியாரே க்ளாஸுக்கு வரலன்னு அர்த்தம்."

கத்தல. ரேமின் தங்கப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்ச்சு, வேற ஸ்லாட்டில் மாட்டினோம். இல்ல. காசு மாதிரி இருக்கிற சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி, ஜம்பரை மாத்தி, பயாஸ் செட்டிங்கை அழிச்சோம். இல்ல. ப்ராசஸரை மாத்திப் பார்க்கணும்னு நண்பனிடம் கேட்டேன். "மச்சான், என் சட்டையைக் கேளு, கழற்றித் தர்றேன். ப்ராசஸரைக் கேட்காத" என்று சொல்லிட்டான். அண்ணாச்சி சிரிச்சார். "ப்ராசஸர் அவ்வளவு லேசுல சாகாது. அதைக் கடைசியில சந்தேகப்படுவோம். நீ போர்டைக் கண்ணால பாத்தியா?"

"பார்த்துட்டுத்தானே அண்ணாச்சி இருக்கேன்."

"தூசியைப் பாத்திருக்க. போர்டைப் பாரு" என்று பெயிண்ட் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

வீங்கின வயிறு

மூணு வருஷத் தூசி. ப்ராசஸர் ஃபேனைச் சுத்தி கம்பளி மாதிரி கிடந்தது. தள்ளத் தள்ள, ஃபேன் ஓரமா வரிசையா நின்ன குட்டிக் குட்டி டின்கள் தெரிஞ்சது. ஏழு கெபாசிட்டர். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையா, நடுவில் ஒரு கீறலோட இருக்கும். ரெண்டுதான் அப்படி இருந்தது. மத்த அஞ்சும் பொரிச்ச அப்பளம் மாதிரி வீங்கியிருந்தது. ஒண்ணோட கீறல் வழியா பழுப்பு நிறத்தில் என்னமோ வழிஞ்சு காய்ஞ்சு போயிருந்தது.

சர்வீஸ் கடைக்காரர் பத்து நிமிஷம் பார்த்த போர்டுதான் இது. நான் மூணு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த போர்டும் இதுதான்.

அந்த ஏழு பேர் வேலை என்னன்னா, எஸ்எம்பிஎஸ் தர்ற 12 வோல்ட்டை ப்ராசஸருக்காக ஒண்ணரை வோல்ட்டாக இறக்கும்போது, அதில் வர்ற ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தறது. ஒண்ணரை வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க, பென்டியம் 4 அதில் 40 ஆம்பியருக்கு மேலகூட இழுக்கும். கெபாசிட்டருக்குள் இருக்கிற எலக்ட்ரோலைட் கெட்டுப் போனா, அதில் இருக்கிற தண்ணியும் அலுமினியமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். வயிறு வீங்கும். கரன்ட் கலங்கலா வரும். ப்ராசஸர் கண் முழிக்காது.

இது எங்க வீட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். 1999இல் இருந்து 2007 வரைக்கும் உலகம் முழுக்க இப்படிக் கெபாசிட்டர்கள் வெடிச்சு வழிஞ்சிருக்கு. இதைப் பத்தி 2003இலேயே ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழில் கட்டுரை வந்திருக்கு. 2005இல் டெல் நிறுவனம் இந்தக் கெபாசிட்டர் கோளாறு வந்த தன் கம்ப்யூட்டர்களுக்காக 30 கோடி டாலர் செலவு ஒதுக்க வேண்டி வந்தது. ஒரு டின், சில ரூபாய்!

அண்ணாச்சி போர்டைக் கீழே வெச்சுட்டு, அப்பதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இது ஒரு நாள்ல வீங்காதுடே. முன்னாடியே ஏதாச்சும் சொல்லியிருக்குமே. உனக்குத் தெரியலையா?"

தெரியும்.

டிசம்பரில் இருந்தே காலையில் முதல் தடவை அமுக்கினா வராது. ஃபேன் மட்டும் சுத்தும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மூணாவது, நாலாவது தடவை வரும். ஒரு தடவை சூடாகிட்டா அப்புறம் நாள் முழுக்க ஓடும். கெட்டுப் போன எலக்ட்ரோலைட், சூடு ஏறினா கொஞ்சம் தேவலையா வேலை செய்யுமாம். மார்கழிக் குளிரில் அது நடுங்கினதை நான் 'விண்டோஸ் மக்கர் பண்ணுது' என்று முடிவு பண்ணி, ரெண்டு தடவை எக்ஸ்பியை அழிச்சு அழிச்சு இன்ஸ்டால் பண்ணினேன். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே நின்னு போற கம்ப்யூட்டருக்கு விண்டோஸை மாத்தினவன் நான்!

இன்னும் ஒண்ணு இருக்கு. பொங்கல் லீவில் ஒரு காலையில் தம்பி வந்து சொன்னான். "அண்ணே, ஃபேன் மட்டும் சுத்துது, படம் வரல. என்னன்னு பாரேன்." நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காம, "நீ அதைத் தொடாதல" என்றேன்.

மூணு மாசமா அது சொல்லிட்டே இருந்திருக்கு. அவனும் சொல்லியிருக்கான். கேட்க வேண்டிய நான்தான் தீர்ப்பு சொல்லிட்டு இருந்தேன். அந்தச் சர்வீஸ் கடைக்காரராவது பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டார். எனக்கு என் தம்பி மேல பழி போட பத்து செகண்டுகூட ஆகல.

அண்ணாச்சியிடம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் அட்வைஸ் எதுவும் பண்ணல. "செரி, மொதல்ல இதை முடிப்போம்" என்றார்.

ஒரே ஒரு பீப்

1500 மைக்ரோ ஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி. அண்ணாச்சி எழுதிக் கொடுத்த சீட்டு. டிவிக்குப் போடற சாதாரண கெபாசிட்டர் இதுக்கு ஆகாது, 'லோ ஈஎஸ்ஆர்' வகைதான் வேணும். மதிப்பு அதேதான் இருக்கணும், வோல்ட் கூட இருந்தா தப்பில்ல, குறையக் கூடாது. திருநெல்வேலியில் கிடைக்கல. சென்னையில் இருந்த நண்பனோட மாமா ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி ஆம்னி பஸ்ஸில் போட்டு விட்டார். ஒண்ணு எட்டு ரூபாய், ஏழுக்கு 56. நல்லா இருந்த ரெண்டையும் சேர்த்து மாத்தச் சொல்லிட்டார் அண்ணாச்சி. "அஞ்சு பேரு போன வீட்ல மிச்ச ரெண்டு பேரு எத்தனை நாளு?"

கழற்றுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் மைனஸ் கோடு இருக்குன்னு பேப்பரில் வரையச் சொன்னார். திருப்பிப் போட்டா வெடிச்சுடும். என் கையில் 25 வாட் அயர்னைக் கொடுத்தார். ஒரு கால் உருகுது, இன்னொரு கால் அசையவே இல்ல. எர்த் காலில் இருக்கிற சூட்டை எல்லாம் போர்டுக்குள் இருக்கிற செம்புத் தகடு குடிச்சிடும். அப்புறம் 60 வாட் அயர்னை எடுத்து அவரே இறக்கினார். அவசரப்பட்டு இழுத்தா ஓட்டைக்குள் இருக்கிற செம்பும் சேர்ந்து வந்துடும், போர்டு குளோஸ். ஏழு கெபாசிட்டருக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அட்டைப் பெட்டி மேல போர்டு. ரேம், ஃபேன், ஸ்பீக்கர். ஸ்க்ரூ டிரைவர் நுனி.

பீப்.

ஒரே ஒரு பீப். அதுக்கு அப்புறம் நான் எத்தனையோ கச்சேரி கேட்டுட்டேன், எதுவும் அந்த மாதிரி இல்ல. ஹார்ட் டிஸ்க், சிடி என்று ஒவ்வொண்ணா மாட்டி ஒவ்வொரு தடவையும் ஆன் பண்ணிப் பார்த்தோம். எல்லாம் ஓகே. அண்ணாச்சி கூலி 150. பஸ் பார்சல் 30. மொத்தம் 236 ரூபாய். வைவாவுக்கு இன்னும் ஏழு நாள் இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே தாழையூத்துக்கு பஸ் ஏறினேன். தம்பி திண்ணையில் உட்கார்ந்து சோஷியல் படிச்சுட்டு இருந்தான். என்ன சொல்றதுன்னு தெரியாம, சட்டைப் பையில் இருந்து வீங்கின கெபாசிட்டர் ஒண்ணை எடுத்து அவன் புஸ்தகத்து மேல வெச்சேன்.

"இதுதான்ல. நீ இல்ல. நீ பொங்கலுக்கே சொன்ன, நான்தான் கேக்கல."

அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி" என்றான். அவ்வளவுதான். சினிமாவில் வர்ற மாதிரி கட்டிப்பிடிக்கல. எக்ஸாம் முடியற வரைக்கும் வீட்டுக்கும் வரல.

அப்பாவிடம் சொன்னதுதான் கஷ்டமா இருந்துச்சு. சாப்பிட்டுட்டு இருந்தவர் கையை நிறுத்தினார். "நீ சொன்னதை நம்பித்தான்ல அவனை அடிச்சேன்" என்றார். அதுக்கு மேல ஒண்ணும் பேசல. அந்த ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு போட்டுட்டு அப்பா தாழையூத்துக்குப் போயிட்டு வந்தார். அவங்க ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இப்பவும் அதே ரோடுதான்

ஹாஸ்டலில் சீனியர் விட்டுட்டுப் போன பழைய டெஸ்க்டாப்பை வெச்சு மல்லுக்கட்டுற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இப்ப வர்ற நிறைய போர்டுகளில் வீங்காத சாலிட் கெபாசிட்டர் வந்துடுச்சு. பீப்புக்குப் பதிலா ப்ராசஸர், ரேம், டிஸ்ப்ளே, பூட் என்று எங்கே நின்னுச்சுன்னு காட்ட, பல போர்டுகளில் குட்டி லைட்டே இருக்கு. புது டிடிஆர் 5 ரேம் மாட்டினா முதல் தடவை சில நிமிஷம் ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும். ரேமோட பழகிட்டு இருக்கும், பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க. சாமான்கள்தான் மாறியிருக்கு. எந்த வகை 'ஆன் ஆகல'ன்னு முதல்ல கேளுங்க. டேட்டாவைக் காப்பாத்துங்க. எல்லாத்தையும் கழற்றி, ஒவ்வொண்ணா மாட்டுங்க. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாமலே போயிடும். கடைசியா யார் தொட்டாங்கன்னு தேடாதீங்க. எப்ப இருந்து இப்படி இருக்குன்னு தேடுங்க.

போன மாசம் தம்பி போன் பண்ணினான். அவன் ஆபீஸில் பில் போடற பழைய டெஸ்க்டாப் காலையில் இருந்து ஆன் ஆகலையாம். "புதுசா சேர்ந்த பையன்தான் நேத்து கடைசியா உட்கார்ந்திருந்தான்னு எல்லாரும் அவனையே சொல்றாங்கண்ணே" என்றான்.

நான் அண்ணாச்சி குரலில் ஆரம்பிச்சேன். "ஆன் ஆகலன்னா? அதுல நாலு இருக்குல்லா. அதை விடு, ரெண்டு மூணு மாசமா ஏதாச்சும் சொல்லிட்டு இருந்துச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சுட்டே கேட்டான்.

"நான் சொன்னப்ப நீ கேட்டியா?"